நெட் நெரிசலுக்கு வி-லேன் மருந்தாகுமா? சுவிட்ச் வாங்குவோருக்கான கேள்வி-பதில்

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி): கீழே நாங்கள் குடியிருக்கிறோம். மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர், ஆறு கேமரா, அவற்றைப் பதிவு செய்யும் ஒரு என்விஆர் பெட்டி. சனி, ஞாயிறு அறைகள் நிறைந்தால் டிவி சுற்றிக்கொண்டே நிற்கிறது, மகளின் வீடியோ மீட்டிங் அறுந்துபோகிறது. "மேனேஜ்டு சுவிட்ச் போட்டு வி-லேன் பிரித்தால் நெட் பறக்கும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் நெட் பறக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். சுவிட்ச் என்பது பல கருவிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி, மேனேஜ்டு என்றால் அதன் அமைப்பை நாமே மாற்றலாம். வி-லேன் ஒரே சுவிட்ச்சை உள்ளுக்குள் இரண்டு மூன்று தனி சுவிட்ச்சுகளாகப் பிரிக்கிறது. ஒரு பிரிவில் இருப்பவர் மற்றதைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். வீட்டுக்குள் ஐந்து குழாய் போட்டாலும் தெருவிலிருந்து வரும் லைன் ஒன்றுதானே?

நெரிசல் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நெட் தடுமாறும் நேரத்தில் லேப்டாப்பைக் கேபிளால் ரவுட்டரில் நேராகச் செருகி, ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) ஒரு பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை), வெளியே கூகுளின் 8.8.8.8-க்கு ஒரு பிங் ஓட விடுங்கள். ரவுட்டர் ஒன்றிரண்டு மில்லி செகண்டில் பதில் சொல்லி, வெளி பிங் மட்டும் நூற்றுக்கணக்கில் ஏறினால் நெரிசல் உங்கள் ஃபைபர் லைனில். கேபிளில் இரண்டுமே நன்றாக இருந்து, வைஃபையில் ரவுட்டருக்கான பிங்கே குதித்தால் குற்றவாளி வைஃபை. கேபிளிலேயே ரவுட்டர் பிங் தடுமாறினால்தான் சுவிட்ச், கேபிள், ரவுட்டர் பக்கம் போக வேண்டும்.

அறை நிறைந்தால் மட்டும் வருவதால் லைன் நெரிசல் என்றே படுகிறது. அதற்கு மருந்து ரவுட்டரில். விருந்தினர் வைஃபையைத் தனியாக இயக்கி, அதற்கு 40 எம்பிபிஎஸ் போல உச்சவரம்பு வையுங்கள். எஸ்க்யூஎம் (லைனில் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும்) வசதி உள்ள ரவுட்டர் என்றால், பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதத்துக்கு வரம்பிடுங்கள். யாரோ ஒருவர் பெரிய ஃபைலை ஏற்றினாலும் மீட்டிங் அறுபடாது. இந்த இரண்டையும் செய்து பார்க்காமல் சுவிட்ச்சுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேமராக்களைப் பற்றி: ஒவ்வொன்றும் அனுப்பும் வீடியோவின் வேகம் (பிட்ரேட்) 4 எம்பிபிஎஸ் என்றால் ஆறும் சேர்ந்து 24. கிகாபிட் கேபிளில் இது ஒரு பொருட்டே இல்லை. அதுவே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஓடினால் பெரிய தொல்லை, காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கேமராக்களும் என்விஆரும் ஒரே பிஓஇ (கேபிளிலேயே மின்சாரமும் தரும்) சுவிட்ச்சில் இருந்தால் அந்த 24 ரவுட்டர் பக்கமே வராது. சுவிட்ச் அந்தந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பிவிடும். கேமராக்கள் என்விஆரின் முதுகிலுள்ள பிஓஇ போர்ட்டுகளிலேயே செருகியிருந்தால் பெரும்பாலும் ஏற்கெனவே தனி நெட்வொர்க்தான், அதற்கு வி-லேன் வேண்டாம்.

பிறகு வி-லேன் எதற்கு? முன்பின் தெரியாதவர்கள் தங்கும் வீட்டில் கேமராவும், உங்கள் கம்ப்யூட்டரும், அவர்கள் போனும் ஒரே வலையில் இருக்கக் கூடாது. இந்தப் பாதுகாப்புக்காக அது வேண்டும், குறிப்பாக மாடி அறைக்குக் கேபிள் கொடுத்திருந்தால். டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108இ போன்ற 8 போர்ட் ஸ்மார்ட் சுவிட்ச் (மேனேஜ்டில் எளிய வகை) போதும். ஆனால் ரவுட்டருக்கும் 802.1க்யூ, அதாவது வி-லேன் எண்ணை ஒட்டி அனுப்பும் முறை, புரிய வேண்டும். இணைப்பு நிறுவனம் தரும் பெட்டியில் வீட்டுப் பக்கம் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. டிபி-லிங்க் இஆர்605, மைக்ரோடிக் ஹெக்ஸ் போன்ற ஒரு ரவுட்டரைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அவற்றில் வைஃபை கிடையாது, அதற்குத் தனி ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் பெட்டி) வேண்டும். கடைக்காரர் சுவிட்ச் விலையை மட்டும் சொல்லியிருந்தால் பாதிக் கணக்குதான் சொல்லியிருக்கிறார்.

போடும் முறை: வி-லேன் எண் வீட்டுக்கு 10, கேமராவுக்கு 20, விருந்தினருக்கு 30. ரவுட்டருக்குப் போகும் முதல் போர்ட்டில் மூன்றும் டேக்டு, அதாவது எண் ஒட்டியே போகும். 2 முதல் 4 வரை 10 அன்டேக்டு (எண் ஒட்டாமல்), அப்படியே 5, 6 போர்ட்டுகளில் 20, ஏழில் 30. எட்டாம் போர்ட்டை வி-லேன் 1-லேயே விட்டுவையுங்கள், அமைப்பில் பிழை வந்தால் உள்ளே நுழைய அதுதான் வழி. அதிகம் பேர் தவறுவது பிவிஐடி-யில், அதாவது எண் இல்லாமல் போர்ட்டுக்குள் வருவது எந்த வி-லேனுக்கு என்று சொல்லும் எண்ணில். அன்டேக்டு என்று டிக் அடித்துவிட்டு பிவிஐடியை 1-லேயே விட்டுவிடுவார்கள். கருவி அனுப்புவது வேறு பிரிவுக்குப் போய்விடும், ஐபி கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டும். போர்ட் 5-க்கு பிவிஐடி 20 என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள், பழைய வி-லேன் 1-லிருந்தும் அந்தப் போர்ட்டுகளை எடுத்துவிடுங்கள். கடைசியில் 'சேவ் கான்ஃபிக்' தனியாக இருந்தால் அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் அடுத்த கரன்ட் கட்டில் எல்லாம் போய்விடும்.

கேள்வி (தேவனாம்பட்டினம், கடலூர்): புது சுவிட்ச் வாங்கியும் கம்ப்யூட்டரில் லிங்க் வேகம் 100 எம்பிபிஎஸ்தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: முதலில் பெட்டியைப் பாருங்கள். டிபி-லிங்க்கில் எல்எஸ்1008 என்றால் 100 எம்பிபிஎஸ், எல்எஸ்1008ஜி என்றால் கிகாபிட். கடைசியில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். பில்லிலும் முழு மாடல் எண் எழுதி வாங்குங்கள்.

சுவிட்ச் கிகாபிட்தான் என்றால் கேபிள். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். மற்ற நான்கில் ஒரு கம்பி தொடர்பு விட்டாலும் பெரும்பாலும் இரு முனையும் பேசி 100-க்கு இறங்கிவிடும், நெட் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்று கேபிளின் ஆர்ஜே45 பிளக் முனையில் பச்சை படர வைக்கும். இரு முனைகளையும் வெட்டிப் புது பிளக்கை அழுத்திப் பொருத்தினாலே (கிரிம்ப்) பல வீடுகளில் சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், சிசிஏ. மடித்த இடத்தில் முறியும், பிஓஇ மின்சாரத்தில் சூடேறும், உப்புக் காற்றில் சீக்கிரம் அரிக்கும். முழுச் செம்பு கேட் 6 என்று கேட்டு, கடையிலேயே சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். மொட்டை மாடியில் ஓட வேண்டியதற்குக் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிள். எந்த ஓட்டமும் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): இரண்டு சுவிட்ச்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் போட்டால் வேகம் இரட்டிப்பாகுமா?

பதில்: சாதாரண சுவிட்ச்சில் ஆகாது, மொத்த வீட்டின் நெட்வொர்க்கும் நின்றுபோகும். எல்லாக் கருவிக்கும் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகும், சுவிட்ச்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறித்தனமாக மின்னும். ஒரு கேபிளை உருவினால் சில விநாடியில் சரியாகும். இரட்டை இணைப்புக்கு இரண்டு பக்கமும் லேக் (பல கேபிளை ஒன்றாகச் சேர்க்கும்) வசதி உள்ள ஸ்மார்ட் சுவிட்ச் வேண்டும். அப்போதும் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் அது ஒரே கேபிளில்தான் போகும். ஒரு கிகாபிட் கேபிளே வீட்டுக்குத் தாராளம்.