முகமூடிக்கு முன்னால் ஒரு பழைய துண்டு

கேள்வி: கோவையில் கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், 72 வயது மாமியார் ஆகியோருடன் வசிக்கிறேன். எங்காவது குண்டு வெடித்ததாகச் செய்தி வந்தால் கணவர் உடனே இணையத்தில் விஷவாயு முகமூடி தேடத் தொடங்கிவிடுகிறார். எங்களைப் போன்ற சாதாரணக் குடும்பம் உண்மையில் எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்?

பதில்: முகமூடியை மறந்துவிடச் சொல்லுங்கள். 2003 பிப்ரவரியில் அமெரிக்க அரசு, ரசாயனத் தாக்குதலுக்குத் தற்காப்பாக பிளாஸ்டிக் விரிப்பும் ஒட்டுநாடாவும் வாங்கி வைக்கச் சொன்னது. பல கடைகளில் ஒட்டுநாடாவே தீர்ந்துபோனது. வாங்கியவர்கள் அதைப் பிற்பாடு அட்டைப்பெட்டி ஒட்டத்தான் பயன்படுத்தியிருப்பார்கள்.

உங்கள் ஊர் அனுபவத்தையே பாருங்கள். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள், 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அங்கே உயிரைக் குடித்தது விஷவாயு அல்ல. குண்டு வெடித்தால் சிதறும் இரும்புத் துண்டும் கண்ணாடியும் உடலைக் கிழிக்கின்றன, ரத்தம் கொட்டுகிறது. ஆகவே முதலில் கற்க வேண்டியது ரத்தத்தை நிறுத்துவது.

பழைய பருத்தித் துண்டு ஒன்றை எடுத்து நான்காக மடியுங்கள். காயத்தின் மேல் வைத்து, உங்கள் உடல் எடை முழுவதும் இறங்கும்படி இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு தரம் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. துண்டு நனைந்தாலும் எடுக்காதீர்கள். அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். கண்ணாடித் துண்டு குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம், அதன் இரு பக்கமும் அழுத்தினால் போதும். கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டு நிற்காமல் போனால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல், அகலமான துணியால் கட்டுங்கள். அதில் உறுதியான குச்சி ஒன்றைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கயிறும் கம்பியும் ஆகாது. கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, மருத்துவர் வரும்வரை அவிழ்க்காமல் இருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவரின் தொடையில் அழுத்திப் பழகுங்கள். இறுக்கிக் கட்டுவதை மட்டும் முதலுதவிப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆபத்து, குடும்பம் ஆளுக்கொரு பக்கம் சிதறுவது. 2006 ஜூலை 11 அன்று மும்பை ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது செல்போன் இணைப்புகள் நெரிசலில் திணறின. இலங்கையில் 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு அரசே வாட்ஸ்அப்பையும் ஃபேஸ்புக்கையும் முடக்கியது. அதனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். வெளியூரில் இருக்கும் சித்தியோ மாமாவோ ஒருவரைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் அவருக்கே "நலம், இங்கே இருக்கிறேன்" என்று அனுப்பும்படி பேசி வையுங்கள். அவருடைய எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பிள்ளைகளின் பையில் வையுங்கள். இன்று எந்தப் பிள்ளைக்கும் எந்த எண்ணும் மனப்பாடமாகத் தெரிவதில்லை. வீட்டுக்கு வர முடியாவிட்டால் எங்கே சந்திப்பது, பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

வெடிச்சத்தம் கேட்டால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், ஜன்னலருகேயும் நிற்காதீர்கள். 2002-இல் பாலித் தீவில் முதல் குண்டு வெடித்து மக்கள் வெளியே ஓடி வந்தபோதுதான் இரண்டாவது, பெரிய குண்டு வெடித்தது. கேட்பாரற்ற பையைத் தொடாமல் விலகிப்போய், அதற்குப் பிறகு 112-ஐ அழையுங்கள். அதன் பக்கத்தில் நின்று பேச வேண்டாம். சந்தேகம் பை மேல் வரட்டும். வாடகைக்கு வந்தவரின் பெயரை வைத்துச் சந்தேகப்பட்டால் அண்டை வீட்டுச் சண்டைதான் மிஞ்சும்.

பொருள்களைப் பொறுத்தவரை அதிகம் வேண்டாம். தாக்குதலுக்குப் பின் கடைகள் சில நாள் திறக்காமல் போகலாம். மாமியாரின் மாத்திரைகள் ஒரு வாரத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும், மருந்துச் சீட்டின் நகலோடு. டார்ச், பவர் பேங்க், ஏடிஎம் இயங்காத நாளுக்குச் சில்லறையாகக் கொஞ்சம் பணம். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டால், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர், அதாவது நீங்கள் வழக்கமாக வாங்கும் 20 லிட்டர் கேன் மூன்று. பெருமழையில் மின்சாரம் போகும் நாளிலும் இதே பொருள்கள்தான் கைகொடுக்கும் என்று சொன்னால் கணவர் முகமூடிப் பணத்தை இதில் போட ஒப்புக்கொள்வார். கேன்களைப் பூட்டி வைக்காதீர்கள்: பழையதைக் குடித்து, புதியதைக் கடைசியில் வைத்துச் சுழற்சியில் பயன்படுத்துங்கள்.