ஈறு சிகிச்சைக்காக இதய மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. போன ஆவணியில் திருவனந்தபுரத்தில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தோம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டும் சாப்பிடுகிறார். சர்க்கரையும் உண்டு. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். ஊரில் நடந்த இலவச முகாமில் பார்த்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். "ஈறைச் சுத்தம் செய்தால் ரத்தமும் சுத்தமாகும், இனி அடைப்பு வராது" என்று ஒரு பேக்கேஜ் சொன்னார்கள். ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வரவேண்டுமாம். முன்பணம் கட்டிவிட்டோம். பக்கத்து வீட்டு அக்காவோ, கிளீன் பண்ணினால் கிருமி இருதயத்துக்குப் போய்விடும் என்கிறார். என்ன செய்ய?
— வாசகி, திங்கள்சந்தை

பதில்: முதலில் மாத்திரை. ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். அதை நிறுத்தச் சொல்லும் உரிமை ஸ்டென்ட் வைத்த டாக்டருக்கு மட்டும்தான். ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சுத்துணி வைத்து அழுத்தினால் நிறுத்திவிடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரே நாளில் வாய் முழுவதும் செய்யாமல், ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் என்று பிரித்துச் செய்தால் போதும்.

சரி, ஈறு சிகிச்சையால் இதயத்துக்கு என்ன லாபம்? ஈறு நோய் முற்றியவருக்குச் சோறு மெல்லும்போதே கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. அந்த அழற்சியின் அடையாளம் ரத்தப் பரிசோதனையிலும் தெரியும். கடுமையான ஈறு நோய் உள்ள 120 பேரை வைத்து லண்டனில் நடந்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. ஆழமாகச் சுத்தம் செய்த மறுநாள், கை ரத்தக்குழாய் விரியும் தன்மை குறைந்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சாதாரண சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாக விரிந்தது. அக்கா சொல்வதில் உண்மை அந்த ஓரிரு நாள் அளவுக்குத்தான். ஆனால் குழாய் நன்றாக விரிந்தால் மாரடைப்பு வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அமெரிக்க இதயச் சங்கமும் 2012இல் இதையே சொன்னது: தொடர்பு உண்டு, ஈறைச் சரிசெய்தால் இதய நோய் தடுக்கப்படும் என்பதற்குச் சான்று இல்லை. சர்க்கரைக்குப் பலன் இன்னும் தெளிவு. மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி வரை இறங்குகிறது.

ஆகவே பல்லைக் காப்பாற்றச் சிகிச்சை எடுங்கள். "ரத்தச் சுத்திகரிப்பு" என்ற பெயரில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இலவச முகாம் என்று மைக் கட்டிக் கூப்பிட்டு, இருதயத்தைச் சொல்லிப் பயமுறுத்தி ஆள் பிடித்துக் கொடுப்பவர்களுக்குக் கமிஷன் போவதுண்டு. அந்தக் கமிஷனும் உங்கள் பேக்கேஜுக்குள் இருக்கலாம். ஈறு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் இன்னொரு கண்ணி. உங்கள் கணவர் சாப்பிடும் மருந்துகளோடு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

கிருமி பற்றி அக்காவுக்கு நான் மேலே சொன்ன பதில் சிலருக்குப் பொருந்தாது, முக்கியமாக இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு. நம் குமரி மாவட்டத்தில் சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்து வால்வு பழுதாகி, பிறகு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவமனையில் வால்வு மாற்றியவர்கள் பலர் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கிருமி வால்வில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்மையிலேயே உண்டு. சுத்தம் செய்வதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக ஆன்டிபயாட்டிக் எடுத்தே ஆகவேண்டும். வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம், பெனிசிலின் அலர்ஜி இருந்தால் வேறு மருந்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். ஈறுக்கென்று சர்வசாதாரணமாக எழுதப்படும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் அசிட்ரோமோடு சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மீறி இளகிவிடும். வால்வு வைத்தவர் வீட்டில் இருந்தால், பல் டாக்டரின் நாற்காலியில் உட்காருமுன்பே அதைச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் கணவருக்கு இருப்பது ஸ்டென்ட். அவருக்கு இந்த முன்மருந்து தேவையில்லை.

இன்னொன்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பல் டாக்டர் "இதய டாக்டரிடம் கடிதம் வாங்கி வா" என்கிறார். இதய டாக்டர் "செய்யலாம்" என்று ஒற்றைச் சொல் எழுதித் தருகிறார், எந்த மாத்திரை தொடரவேண்டும் என்ற விவரமே இல்லாமல். அதற்காக ஸ்டென்ட் வைத்த மனிதர் திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் பஸ் ஏறி இறங்குகிறார். இரண்டு டாக்டர்களும் போனில் ஐந்து நிமிடம் பேசினால் முடிகிற வேலை இது. பேசவைக்க ஒரு முறையும் இங்கே இல்லை. கடிதம் வாங்கினால், "ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் தொடரவும்" என்று மருந்தின் பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ, குலசேகரம் பல் மருத்துவக் கல்லூரியின் ஈறு நோய்ப் பிரிவுக்கோ போகலாம். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு ஒவ்வொரு பல்லாக அளப்பார்கள். மூன்று வரை நல்லது. ஐந்து, ஆறு என்றால் வேரை ஒட்டிக் கல்லாக இறுகிய அழுக்கை, அதாவது காரையை, எடுக்கவேண்டும். எடுத்தபின் பல் ஆடுவதுபோலத் தோன்றும், இடைவெளியில் நாக்கு படும். காரை அடைத்திருந்த இடம்தான் அது. மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து, இரண்டு தடவையும் எண்களை எழுதி வாங்குங்கள்.

கட்டிய முன்பணத்துக்கு அந்தக் கிளினிக்கில் இனவாரியாக ரசீது கேளுங்கள். காரை எடுப்பதற்கான தொகை போக மீதியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தினால்தான் செய்வோம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், முழுப்பணத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.