பரிசோதனையில் எதுவும் இல்லை என்றால் வலி பொய்யா?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு வருடங்களாக உடம்பெல்லாம் வலி, படபடப்பு, தலைசுற்றல். ஈ.சி.ஜி., எக்கோ, ஸ்கேன் எல்லாம் நார்மல். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கணவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. ‘இது படிக்காத பெண்களுக்கு வரும் மனவியாதி’ என்கிறார் உறவினர் ஒருவர். உண்மையா டாக்டர்?

பதில்: உங்களுக்கு வலிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அம்மா. 1989-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 1,000 புறநோயாளிகளுக்கு இருந்த தலைவலி, நெஞ்சுவலி, சோர்வு போன்ற 14 பொதுவான அறிகுறிகளை ஆராய்ந்தார்கள். உடல்நோய்தான் காரணம் என்று உறுதியானது 16 சதவீதத்தில் மட்டுமே. அந்த அளவுக்கு இது சகஜம்.

உறவினர் சொன்னதில் பாதி மட்டும் சரி. பெண்கள், பள்ளிப் படிப்பு குறைந்தவர்கள், வருமானம் இல்லாதவர்கள், சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவர்கள் ஆகியோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் அவர்கள் மனதால் பலவீனமானவர்கள் என்பது தவறு. அவர்கள் தலையில் சுமை அதிகம். இறக்கி வைக்க வழி குறைவு. நன்றாகப் படித்த ஆண்களுக்கும் வருகிறது, வெளியே சொல்வதுதான் குறைவு.

உங்கள் நிலையையே பாருங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க மாமியாரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். நீங்கள் ஒருவரே அதைச் செய்தால் சேர்ந்தாற்போல் தூக்கம் ஏது? தூக்கம் கெட்டால் வலியைக் கடத்தும் நரம்புகள் கூர்மையாகிவிடும். லேசான தசைப்பிடிப்பைக்கூட மூளை பெரிய வலியாக உணரும். பணக் கவலை ஓயாமல் இருந்தால் அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கும். இதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் என்றாலே ‘டென்ஷன்’ என்று முடிவு கட்டுவதால் நிஜமான நோய்களும் தவறிப்போகின்றன. கருப்பையின் உள்சுவரில் இருப்பது போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் பல பெண்களுக்கு வருடக் கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. அதனால் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். மாதவிடாய் முறை மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மாதவிடாய் நிற்கப்போகும் காலத்திலும் படபடப்பு வரும்.

அதெல்லாம் சரியாக இருந்தால், டாக்டரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். ஒரே மருத்துவரிடம், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாதம் ஒருமுறை போங்கள். வீட்டு நிலைமையையும் மறைக்காமல் சொல்லுங்கள். வலிக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து, குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை சிலருக்கு உதவும். அவர் பார்த்து முடிவு செய்வார். தினமும் கொஞ்ச நேரம் நடங்கள். அப்புறம், வாரத்தில் நாலு இரவாவது மாமியாரைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். இதை நான் மருந்துச்சீட்டிலேயே எழுதுவேன்.

காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, காய்ச்சல் நீடித்தாலோ, கை கால் பலம் குறைந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, நடக்கும்போது நெஞ்சை அடைத்தாலோ, அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் உடனே போங்கள். ‘பழைய தொந்தரவுதானே’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.