கீறல் விட்ட கோயில் மணிக்கு எந்த ராடு பொருந்தும்?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் அம்மன் கோயிலில், ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள பழைய வெண்கல மணியின் வாய்விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை உயரத்துக்குக் கீறல் விட்டு, ஓசை அடைத்துப்போய்விட்டது. பித்தளை ராடு வைத்துக் காஸ் வெல்டிங் செய்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். பழைய மணியை எடுத்துக்கொண்டு அதே எடைக்குப் புது மணி தருவதாக ஒரு தரகரும் வந்திருக்கிறார். பங்குனித் திருவிழா நெருங்குகிறது. எந்த ராடு வாங்குவது?

பதில்: எந்த ராடும் வாங்க வேண்டாம். முதலில் மணியை அடிப்பதை நிறுத்துங்கள். ஒவ்வோர் அடியும் கீறலை மேலே ஏற்றும்.

மணி வார்க்கும் வெண்கலத்தில் நூற்றுக்கு இருபது பங்குக்கும் மேல் வெள்ளீயம், மீதி செம்பு. ஓசையைத் தருவதும் அந்த வெள்ளீயம்தான், உலோகத்தைக் கண்ணாடிபோல நொறுங்கச் செய்வதும் அதுதான். இந்தக் கலவை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கிவிடும். பித்தளை ராடு ஓடுவதற்கோ 900 டிகிரியை நெருங்க வேண்டும். ராடு இளகுவதற்குள் மணியின் விளிம்பு வழிந்துவிடும். சுடர் பட்ட இடம் மட்டும் விரிந்து, சுற்றுப்புறம் குளிர்ந்தே இருப்பதால் நான்கு விரற்கடைக் கீறல் ஒரு சாணாகவும் நீளும். கடையில் கிடைக்கும் பாஸ்பர் பிரான்ஸ் ராடும் பொருந்தாது. அதில் வெள்ளீயம் ஐந்திலிருந்து எட்டு விழுக்காடுதான். அது முழுதும் உருக 1,000 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதே கலவையில் ராடு வார்த்து, மணி முழுவதையும் உலையில் சீராகச் சூடேற்றிப் பற்றவைத்து, மெதுவாக ஆறவிடும் முறை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் சிலர் அதைச் செய்கிறார்கள். அது நம் தெருப்பட்டறையில் நடக்கிற வேலை அன்று.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வெண்கலம் என்று பெயர் சொல்லி விற்கப்படும் மணிகளில் பல, செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை மணிகளே. உங்கள் மணி பித்தளையாக இருந்தால் பட்டறைக்காரர் சொன்னது ஓரளவு சரி: பித்தளை ராடும் வெண்காரமும் வைத்து, பெருஞ்சுடரால் மணியை முழுக்கச் சூடேற்றியபின் அனுபவமுள்ளவர் ஒட்டலாம். பித்தளையா, வெண்கலமா என்று அறிய, மணியின் உட்புறத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மஞ்சளாக, மென்மையாக அரத்துக்கு இணங்கினால் பித்தளையாக இருக்கலாம். வெளிறிய நிறத்தில், கடினமாக, பொடிப்பொடியாக உதிர்ந்தால் அநேகமாக மணி வெண்கலம். பித்தளையை ஒட்டும்போது கிளம்பும் வெண்புகை துத்தநாகத்தினுடையது. அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும் என்பதால் திறந்த வெளியில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். ஐயம் தீராவிட்டால், கொஞ்சம் துருவலை எடுத்துத் திருச்சியிலுள்ள உலோகப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் கொடுத்து, வெள்ளீயத்தின் அளவை எழுத்தில் வாங்குங்கள்.

தரகர் சொல்லும் மாற்று வேலைக்கு மட்டும் உடன்படவே வேண்டாம். வெள்ளீயம் செம்பைவிட விலை கூடியது, துத்தநாகமோ மிக மலிவு. எனவே எடைக்கு எடை என்பது பழைய வெண்கலத்தைக் கொடுத்துவிட்டுப் பளபளக்கும் பித்தளையை வாங்குவதாகவே பெரும்பாலும் முடியும். இவ்வளவுக்கும் வழி விடுவது மணி வாங்கக் கோயில் நிர்வாகங்கள் ஒப்பந்தப்புள்ளி எழுதும் முறைதான். 'வெண்கல மணி, இத்தனை கிலோ' என்று ஒரே வரி. வெள்ளீயம் எத்தனை விழுக்காடு என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மணியில் ஓசை வரவில்லை என்று இன்னொரு கோப்பு திறப்பார்கள்.

மணி நூறு ஆண்டுகளைத் தாண்டியதாக இருந்தால் 1972ஆம் ஆண்டுத் தொன்மைப்பொருள் சட்டப்படி அது தொன்மைப்பொருளாகக் கருதப்படலாம். அதை உருக்க நினைக்காதீர்கள். கீறலின் நுனியில் சிறு துளை இட்டால் அது மேலே ஓடுவது பெரும்பாலும் நிற்கும், ஓசை திரும்பாது. அதற்கும் உரிய அனுமதி வாங்கிய பிறகே கை வைக்க வேண்டும். மணி அவ்வளவு பழையதில்லை, உருக்கிப் புதிதாக வார்க்கலாம் என்றால், கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருக்கும் பட்சத்தில் அனுமதி பெற்றுக்கொண்டு, கும்பகோணம் வட்டாரத்து வார்ப்புக்காரரிடம் நேரில் செல்லுங்கள். ஊரார் இருவர் உடனிருக்க, உங்கள் உலோகம் உங்கள் கண்முன் உலையில் இறங்க வேண்டும். உருக்கும்போது சிறிது எடை குறைவதும், வெள்ளீயம் கொஞ்சம் சேர்ப்பதும் இயல்பு. திருவிழாவுக்கு இரவல் மணி ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள், அவசரப்பட்டு வார்க்க வேண்டாம்.

பழைய மணியின் துருவலைச் சிறு குப்பியில் அடைத்து ஒட்டிக் கையொப்பமிட்டு வைத்திருங்கள். புது மணியின் துருவலையும் அதே கூடத்தில் பரிசோதித்து, வெள்ளீயம் 20 முதல் 24 விழுக்காட்டுக்குள் இருந்தால் மட்டுமே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.