அறைத்தோழிகளின் ஆங்கிலம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் பாரிசில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் அம்மாவிடம் படித்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு வேலைக்கு முயற்சி செய்கிறேன். ஆங்கிலம் போதாது என்றதால் எட்டு வார வகுப்புக்கு மால்டா வந்திருக்கிறேன். செயின்ட் ஜூலியன்ஸில் விடுதி, மூன்று பேருக்கு ஓர் அறை. ஒருத்தி கொலம்பியா, ஒருத்தி ஜப்பான். கொலம்பியாக்காரி நள்ளிரவில் வீட்டாரோடு போனில் கதைக்கிறாள். ஏசிக்கு கார்டில் காசு ஏற்ற வேண்டும். எப்போதும் நான்தான் ஏற்றுகிறேன், ஜப்பான்காரி இரவில் எழும்பி நிப்பாட்டிவிடுகிறாள். இதையெல்லாம் பொறுக்கலாம். ஆனால் இரண்டு பேரும் பிழை பிழையாக ஆங்கிலம் கதைக்கிறார்கள். கேட்டுக் கேட்டு என்னுடையதும் கெட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது. அதனால் அறையில் இயர்போன் போட்டு பிபிசி கேட்கிறேன். வெளியில் ஆட்களும் தங்களுக்குள் மால்டிஸ்தான் கதைக்கிறார்கள். லண்டனுக்கே போயிருக்க வேண்டுமோ? கூடுதல் காசு கட்டித் தனி அறைக்கு மாறட்டா? எந்த நாவல்களை வாசித்தால் ஆங்கிலம் வளரும்?

த.

அன்புள்ள த.,

ஆங்கிலத்தை யாரிடமிருந்து கற்பது என்ற யோசனை கொஞ்ச நாளாகவே எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் அண்ணன் மகன் கதவைச் சாத்திக்கொண்டு யூடியூப் பார்த்து அமெரிக்க உச்சரிப்பு பழகுகிறான். 'வாட்டர்' இப்போது 'வாடர்' ஆகிவிட்டது. ஆனால் கூரியர்காரர் இந்தியில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்கு மாறினால் போனை என்னிடம் நீட்டுகிறான். உங்கள் கடிதத்தில் அந்த இயர்போனைப் படித்ததும் அவன் முகம்தான் வந்தது.

முதலில் சின்ன விஷயங்கள். கொலம்பியப் பெண்ணின் போன்: உங்களுக்கு நள்ளிரவு என்றால் பொகோட்டாவில் கோடையில் மாலை ஐந்து மணி. அவளுடைய அம்மா வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். வராந்தாவில் போய்ப் பேசச் சொல்லுங்கள், போவாள்.

லண்டன்: அங்கே போயிருந்தாலும் பக்கத்துக் கட்டிலில் ஆங்கிலேயப் பெண் படுத்திருக்கமாட்டாள். ஆங்கிலம் படிக்க வந்தவர்கள் தங்கும் விடுதியில் ஆங்கிலேயருக்கு என்ன வேலை? அதே கொலம்பியா, அதே ஜப்பான், வாடகை மட்டும் கூடுதல். மால்டா 1964 வரை பிரிட்டன் கையில் இருந்த தீவு. மூன்று முள் பிளக்கும் இடது பக்கம் ஓடும் பேருந்தும் அந்தக் காலத்து மிச்சம். பாரிசிலிருந்து கொண்டுபோன சார்ஜருக்கு அடாப்டர் வாங்கியிருப்பீர்களே, அதனால்தான். ஆங்கிலம் அங்கே மால்டிஸோடு சேர்ந்து ஆட்சிமொழி. அந்த ஊர் ஆசிரியர்கள் அரபு வழி வந்த மொழியை வீட்டில் பேசிவிட்டு வகுப்பில் ஆங்கிலம் நடத்துகிறார்கள். இரண்டு மொழிக்கு நடுவே வளர்ந்தவருக்கு மாணவி எங்கே சறுக்குவாள் என்று தெரியும். இதைக் குறை என்று சொல்ல, அம்மாவோடு தமிழும் தெருவில் பிரெஞ்சுமாக வளர்ந்த உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அடுத்து அந்தப் 'பிழை பிழையாக'. உங்கள் கடிதத்தில் சில எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்தித்தான் மேலே போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட நீங்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளத் தடையாக இல்லை. பாரிசில் பிறந்த பெண் இப்படி எழுதுகிறாளே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கருணை உங்கள் அறைத்தோழிகளுக்குக் கிடையாதா?

நான் இங்கிலாந்தில் போர்ன்மவுத் என்ற ஊரில் ஒரு கோடைக்காலம் ஆங்கிலம் படித்தேன். அறைக்கு இரண்டு பேர். என்னுடன் இருந்தவள் கொரியாவில் நர்ஸ், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வந்திருந்தாள். அந்த வருஷம் நல்ல வெக்கை. பழைய சாமான் கடையில் ஒரு மேசை விசிறி வாங்கினேன். விசிறிச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. நாற்காலியில் அதை வைத்துச் சுவிட்சைப் போட்டதும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். நடந்து போய் அணைத்தாள். நான் போட்டேன். மறுபடி அணைத்தாள். அப்புறம் விரலை என்னை நோக்கி நீட்டி, "இஃப் பேன் ஆன், யூ டை" என்றாள். நான் விடவில்லை. "இஃப் பேன் ஆஃப், ஐ டை."

மூடிய அறையில் விசிறி ஓட்டித் தூங்கினால் செத்துப்போவோம் என்ற நம்பிக்கை கொரியாவில் நெடுநாளாக உண்டு. 2006-இல் அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பே கோடைக்கால ஆபத்துகளில் இதையும் சேர்த்து எச்சரித்தது. அவர்கள் ஊர் விசிறிகளில் டைமர் இருக்கும். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. படித்த நர்ஸ் இப்படிப் பேசுகிறாளே என்று ஆத்திரம். அவளுக்கோ, தன் கண்ணெதிரில் ஒருத்தி சாகத் துணிகிறாளே என்ற பதற்றம். அகராதியைப் புரட்டினோம், படம் வரைந்தோம். மூக்கிலிருந்து காற்று போவதுபோல அவள் வரைந்த படம் இன்னும் நினைவிருக்கிறது. அந்த வாரம் வகுப்பில் 'நான் ராஜாவாக இருந்தால்' என்று நிபந்தனை வாக்கியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அது ராத்திரி பதினொரு மணிக்கு, உயிர்ப் பிரச்சினையாக நடந்தது. கடைசியில் அவளே ஒரு பிளக் டைமர் வாங்கி வந்தாள். ஒரு மணி நேரம் ஓடி நிற்கும். அதற்குள் நான் தூங்கிவிடுவேன். அந்தப் பேரத்தை முடித்த அன்றுதான் எனக்கு ஆங்கிலத்தில் பேச வரும் என்று நம்பினேன். இலக்கணப்படி அன்று நாங்கள் பேசியதில் ஒரு வாக்கியமும் தேறாது.

இது என் சொந்தக் கதை மட்டும் இல்லை. தாய்மொழி வேறாக இருப்பவர்கள் தங்களுக்குள் பேசும் ஆங்கிலத்தைப் பதிவு செய்து, பத்து லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பாக 2009-இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் வெளியிட்டார்கள். 'வாய்ஸ்' என்று பெயர். 'ஷீ கோஸ்' என்பதை 'ஷீ கோ' என்று சொல்வதால் பேச்சு நின்றுபோவதில்லை என்று இந்த ஆங்கிலத்தை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பேச்சு முறிவது பெரும்பாலும் ஒருவர் தன் ஊர் மரபுத்தொடரை எடுத்துவிட்டு மற்றவர் முழிக்கும்போதுதான். அதாவது பல நாட்டவர் கூடிய இடத்தில் சில நேரம் யாருக்கும் விளங்காத ஆள் இங்கிலாந்துக்காரராகவே இருப்பார்.

உங்கள் வேலை என்ன? விமான நிலைய ஹோட்டலில் வரவேற்பு. இரவு இரண்டு மணிக்கு இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, பெட்டியும் வந்து சேராமல் உங்கள் முன் நிற்கப்போவது யார்? பிபிசி அறிவிப்பாளரா? ஒசாகாவிலிருந்து வந்த குடும்பம், பொகோட்டாவிலிருந்து வந்த கிழவி. அவர்கள் பேசப்போவது உங்கள் அறையில் தினம் காதில் விழாதபடி இயர்போனால் தடுத்துவைக்கிறீர்களே, அந்த ஆங்கிலம். அதைக் காது கொடுத்துக் கேட்டு, பாதியிலிருந்து முழுதையும் பிடித்து, அவர்களுக்கு விளங்கும்படி திருப்பிச் சொல்லத் தெரிந்தவளுக்குத்தான் அந்த வேலையில் மதிப்பு. எதிர்கால வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் உங்கள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் படுத்திருக்க, நீங்கள் காதை அடைத்துக்கொள்கிறீர்கள். கோபம் வருகிறது, தங்கச்சி. நேர்காணலில் இலக்கணம் பார்ப்பார்கள், சரி. அதற்குக் காலையில் வகுப்பு இருக்கிறது. அறை அதற்கானது அல்ல.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்களை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? பிரெஞ்சு வாடையோடு பேசும், யாரோடும் சேராத பெண். அவர்களும் வீட்டுக்கு எழுதியிருப்பார்கள், எங்கள் அறையில் ஒருத்தி வாயே திறப்பதில்லை என்று.

தனி அறை கேட்டிருந்தீர்கள் அல்லவா? காசு உங்களுடையது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பிபிசி கேட்க பாரிசிலேயே முடியும், விமானச் செலவும் மிச்சம். அந்தக் காசில் கொஞ்சத்தை எடுத்து மூவரும் பீட்சா சாப்பிடப் போங்கள். ஏசி கார்டில் யார் எந்த நாள் காசு ஏற்றுவது, ராத்திரி எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று ஆங்கிலத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பெண் பணத்துக்காக நிறுத்துகிறாளா, குளிருக்காகவா என்று இதுவரை நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

நாவல் பட்டியல் இப்போது வேண்டாம். பாரிஸ் திரும்பியபின் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா