அணி விளையாட்டில் நம்பிக்கை ஏன் அவ்வளவு முக்கியம்? கிறிஸ்தவ விசுவாசத்தோடு அதை ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 4 × 100 மீட்டர் ரிலே: நான்கு பேர் ஆளுக்கு 100 மீட்டர் ஓடி, பேட்டன் என்ற சிறு தடியை அடுத்தவர் கையில் கொடுக்கும் ஓட்டம்.

பள்ளி அணியில் நான் மூன்றாவதாக ஓடினேன். பாதத்தால் அடி அளந்து, தரையில் ஒரு கோடு போட்டு வைப்போம். பின்னால் வருபவன் அந்தக் கோட்டைத் தொட்டதும் நான் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். அதன்பின் திரும்பிப் பார்க்கக் கூடாது. "கை!" என்று அவன் கத்தியதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும், அவ்வளவுதான். பேட்டனை 30 மீட்டருக்குள் மாற்றியாக வேண்டும். ஒரு போட்டியில் சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தேன். வேகம் குறைந்தது, அவன் என்மேல் மோதினான், பேட்டன் கீழே விழுந்தது.

பைபிளில் எபிரெயர் 11:1 விசுவாசத்தைக் "காணப்படாதவைகளின் நிச்சயம்" என்கிறது. அந்த நீட்டிய கைதான் எனக்கு இந்த வசனத்தைப் புரியவைத்தது. கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்புவதல்ல அது. நூறு முறை பயிற்சியில் வந்து சேர்ந்த கை, இன்றும் வரும் என்று தெரிந்து ஓடுவது. இஸ்ரவேலரும் கடவுள் தங்களை எகிப்திலிருந்து மீட்டதை நினைவுகூர்ந்தே அவரை நம்பினார்கள்.

ஒரு வேறுபாடு உண்டு. தோழன் எவ்வளவு நல்லவனானாலும் தடுக்கி விழலாம். கடவுள் தவறமாட்டார் என்பதே விசுவாசம். ஆனால் அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் படியுங்கள். ஆபிரகாம், மோசே போன்றவர்கள்கூட நம்மையல்லாமல் பூரணராவதில்லை என்கிறது. அவர்கள் ஓடி முடித்தார்கள். அடுத்த வசனம், 12:1, நம்மை ஓடச் சொல்கிறது.