இல்லாத சொல்லுக்கு ஒரு பொருள்

கேள்வி: பிழையால் மட்டுமே பிறந்து, பெரிய அகராதியிலேயே இடம்பிடித்த ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். ‘டோர்ட்’ என்பது அந்தச் சொல். வெப்ஸ்டர் பேரகராதியின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பில், ‘அடர்த்தி’ என்ற பொருளுடன், இயற்பியல், வேதியியல் துறைகளுக்குரிய சொல்லாக அது அச்சேறியிருந்தது. 1931 ஜூலையில் அகராதியின் வேதியியல் பதிப்பாசிரியர் ஆஸ்டின் பேட்டர்சன், அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கக்குறி பெரிய ‘டி’ அல்லது சிறிய ‘டி’ (D or d) என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்பினார். பொருள் சொல்லப்படும் தலைச்சொற்களை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்வது அந்த அலுவலக வழக்கம். ஆகவே, சுருக்கக்குறிகளோடு சேர வேண்டிய அச்சீட்டு சொற்களுக்கான சீட்டுகளின் அடுக்கில் போய்ச் சேர்ந்ததும், ‘அல்லது’ என்னும் பொருள்தரும் ‘ஆர்’ இருபுறமும் நின்ற ‘டி’களோடு ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டது. உச்சரிப்புக் குறிப்பும் சேர்க்கப்பட்டது. அதை எழுதியவர் ஒருமுறையாவது ‘டோர்ட்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருப்பார் என்பதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. 1939 பிப்ரவரியில், சொற்பிறப்புக் குறிப்பே இல்லாமல் ஒரு சொல் நிற்பதைப் பதிப்பாசிரியர் ஒருவர் கவனித்த பிறகே குட்டு வெளிப்பட்டது. பிந்தைய அச்சுகளில் அதை நீக்கினார்கள். இத்தகையவற்றுக்கு ‘ஆவிச்சொல்’ எனப் பொருள்படும் பெயரை மொழியறிஞர் வால்டர் ஸ்கீட் 1886இலேயே சூட்டியிருந்தார்.

கேள்வி: ‘அம்பயர்’ என்பதும் பிழையாகப் பிறந்த சொல்தானா?

பதில்: இது எழுத்தில் நேர்ந்த பிழையன்று, செவியில் நேர்ந்த மயக்கம். இரு தரப்பிலும் சேராமல் தனித்து நிற்கும் மூன்றாமவரைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல், ஆங்கிலத்தில் ‘நௌம்பெர்’ என வழங்கியது. ‘ஒரு’ எனப் பொருள்படும் ‘எ’ சேர்த்து ‘எ நௌம்பெர்’ என்று சொல்லச் சொல்ல, முதலிலிருந்த ‘ந்’ ஒலி முன்னிற்கும் ‘எ’வுடன் சேர்ந்து, கேட்பவர் காதில் ‘ஆன் ஔம்பெர்’ என விழுந்தது; அதுவே இன்றைய அம்பயர். மேலாடையைக் குறிக்கும் ‘நேப்ரன்’ என்றிருந்தது ‘ஏப்ரன்’ ஆனதும் இவ்வாறுதான். பட்டப்பெயரைக் குறிக்கும் ‘நிக்நேம்’ இதற்கு நேர்மாறு: ‘கூடுதல் பெயர்’ எனப் பொருள்படும் ‘ஆன் ஈக்நேம்’ பிரிந்தபோது, ‘ந்’ ஒலி பெயரின் பக்கம் தங்கிவிட்டது.

கேள்வி: பகட்டானதைக் குறிக்கும் ‘போஷ்’ என்பது, இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்புற அறையும் திரும்பும்போது வலப்புற அறையும் பெற்ற செல்வந்தர்களின் பயணச்சீட்டில் இருந்த ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்பதன் முதலெழுத்துகளின் சேர்க்கை என்பது சரியா?

பதில்: சுவையான கதை, அவ்வளவே. அவ்வாறு முத்திரையிட்ட பயணச்சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.